தயிர்சாதத்தில் இல்லாத ஒன்று: அல்லியின் இதயச் செயலிழப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

அல்லி எங்கள் வீட்டுப் பூனை. வெள்ளை உடம்பு, வாலில் மட்டும் சாம்பல் நிறம். நோய் கண்டபோது வயது நான்கு, எடை 3.2 கிலோ. கருத்தடை ஆகிவிட்டது, தடுப்பூசி ஒன்றும் தவறியதில்லை. மேற்கு மாம்பலத்தில் மூன்றாம் மாடியில் இருக்கிறது எங்கள் வீடு. கைக்குட்டை அளவுக் குட்டியாக மாடிப்படியில் கிடைத்த நாளிலிருந்து அது வாசலைத் தாண்டியதே இல்லை. பால்கனிக்கு வலை அடித்திருக்கிறோம். நாய்க்கும் வண்டிக்கும் அது பயப்பட வேண்டியதில்லை. பார்க்கிறவர்கள் எல்லோரும் "ராஜகுமாரி மாதிரி வைத்திருக்கிறீர்கள்" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எங்களுடையது சைவ வீடு. அல்லிக்குக் காலையில் பால், மதியம் தயிர்சாதம், இரவு பால்சாதம். ஊட்டுவது என் அம்மா. அவருக்கு 79 வயது. சாதத்தைக் குழைய வடித்து, உப்புப் போடாமல், கட்டித் தயிர் விட்டு, சுண்டைக்காய் அளவு உருண்டைகளாக விரல் நுனியில் எடுத்துக் கொடுப்பார். அல்லி ஒவ்வொன்றாக வாங்கித் தின்றுவிட்டு, கடைசியில் அவர் விரலையும் நக்கும். நான்கு வருடங்களில் ஒரு நாள்கூட இது தவறியதில்லை. இதையெல்லாம் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த நோயின் வேர் அந்தக் கிண்ணத்தில்தான் இருந்தது.

மூன்று நாட்கள்

மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. அல்லி அம்மாவின் கட்டிலுக்கு அடியில், சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டது. கூப்பிட்டால் காது மட்டும் திரும்பியது. தயிர்சாதத்தை முகர்ந்துவிட்டு விலகிவிட்டது. வெயில் கொளுத்துகிறது, அதனால்தான் சோர்வு என்று விட்டுவிட்டோம்.

இரண்டு மாதங்களாகவே வேறு சில அறிகுறிகள் இருந்திருக்கின்றன. விளையாட்டு குறைந்திருந்தது. ஜன்னல் திட்டுக்குத் தாவும்போது இரண்டு முறை விளிம்பைத் தவறவிட்டுக் கீழே விழுந்தது. நான் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்தவள். ஜன்னலுக்குத் தாவத் தெரியாத பூனையைப் பார்த்தும் ஏன் என்று கேட்காமல் இருந்துவிட்டேன்.

புதன்கிழமை பக்கத்து மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டுபோனோம். சாப்பிடவில்லை, உடம்பில் நீர் வற்றியிருக்கும் என்று தோலுக்கு அடியில் சலைன் ஏற்றி, வைட்டமின் ஊசியும் போட்டு அனுப்பினார்கள். மூச்சை யாரும் எண்ணவில்லை. நாங்களும் எண்ணச் சொல்லவில்லை. தளர்ந்த இதயத்துக்கு உடம்பில் ஏற்கெனவே இருக்கும் நீரையே தள்ள முடியாது. அதற்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு மில்லிலிட்டரும் நுரையீரலிலோ நெஞ்சுக்கூட்டிலோதான் போய்த் தேங்கும்.

வியாழக்கிழமை இரவு பத்தரை மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன். படுக்காமல் உட்கார்ந்திருந்தது. முன்னங்கால் முட்டிகளை அகற்றி வைத்து, கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வயிறு உள்வாங்கியது. வாய் சற்றே திறந்திருந்தது. முதல்முறையாக அப்போதுதான் எண்ணினேன். நிமிடத்துக்கு 68.

பூனை வளர்க்கும் ஒவ்வொருவரும் இந்தக் கணக்கைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அயர்ந்து தூங்கும் பூனையின் மூச்சு நிமிடத்துக்கு 30-க்குக் கீழே இருக்க வேண்டும். நெஞ்சு ஏறி இறங்குவது ஒன்று. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் போதும். இதய நோய் வந்த நாய் இருமிக் காட்டிக்கொடுக்கும். பூனை பெரும்பாலும் இருமாது, மறைவில் போய் உட்கார்ந்துகொள்ளும். வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டால் அது அவசர நிலை, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கக் கூடாது.

120 மில்லி

இரவு முழுவதும் திறந்திருக்கும் ஒரு மருத்துவமனையில் கூடையோடு வாங்கி, அப்படியே ஆக்சிஜன் பெட்டிக்குள் வைத்தார்கள். எக்ஸ்-ரே எடுக்கவில்லையா என்று நான் அவசரப்பட்டேன். "இந்த நிலையில் மல்லாக்கப் போட்டு அழுத்திப் பிடித்தால் மேஜையிலேயே போய்விடும் அம்மா. முதலில் மூச்சு வரட்டும்" என்றார் இளம் மருத்துவர். நான் கண்ட மருத்துவத்திலேயே மிக நல்ல மருத்துவம் அந்தப் பொறுமைதான்.

உடல் வெப்பம் 36.3 டிகிரி செல்சியஸ். நலமான பூனைக்கு 38-க்கு மேல் இருக்க வேண்டும். பாதங்கள் சில்லிட்டிருந்தன. ஸ்டெதஸ்கோப்பை என் காதில் மாட்டிக் கேட்கச் சொன்னார். இரண்டு ஒலி கேட்க வேண்டிய இடத்தில் மூன்று கேட்டன, தூரத்தில் குதிரை ஓடுவது போல.

அல்ட்ராசவுண்ட் கருவியை உட்கார்ந்த நிலையிலேயே விலாவில் வைத்துப் பார்த்ததும் நெஞ்சுக்கூட்டில் நீர் தெரிந்தது. விலாவில் ஒரு சிறு வட்டம் மயிர் மழித்து, மரத்துப்போகும் மருந்து தடவி, மெல்லிய ஊசியை விலா எலும்புகளுக்கு நடுவே நுழைத்தார். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். சிரிஞ்சில் நீர் ஏறியது. நீர்மோர்த் தெளிவில் துளி குங்குமம் கரைத்தது போன்ற நிறம். 20 மில்லி, 40, 60. எண்பதைத் தாண்டியபோது அல்லி வாயை மூடிக்கொண்டது. என் உள்ளங்கையில் தாடையை வைத்துக்கொண்டது. மொத்தம் 120 மில்லி, ஏறக்குறைய ஒரு டீ கிளாஸ் அளவு. மூன்று கிலோ உடம்பின் நெஞ்சுக்குள் அவ்வளவு தண்ணீர் நின்றிருக்கிறது, அதற்கு நடுவே நுரையீரல் விரிய இடம் தேடிக்கொண்டிருந்திருக்கிறது.

பிறகு ஃபுரோசமைடு ஊசி. தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மருந்து அது. விடியற்காலையில் மூச்சு 38-க்கு இறங்கியது.

எக்கோவும் ஒரு கேள்வியும்

மறுநாள் எக்கோ, அதாவது ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன், எடுத்தார்கள். பூனைகளின் இதய நோயில் பெரும்பாலானது தசை தடிக்கும் வகை. இடது கீழறையின் சுவர் 6 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் தடித்து, அறை விரிய முடியாமல் போய்விடும். மெயின் கூன், ராக்டால் இனங்களில் இதற்குக் காரணமான மரபணு மாற்றங்களையே கண்டுபிடித்திருக்கிறார்கள். நாட்டுப் பூனைக்கும் அது வரும். மூத்த மருத்துவர் அதைத்தான் எதிர்பார்த்தார்.

திரையில் தெரிந்தது அதற்கு நேர்மாறு. சுவர் மெலிந்து, அறை விரிந்து, ஊதிப்போன பலூன் போல இதயம் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. கீழறையின் உள்விட்டம் விரியும்போது 19 மில்லிமீட்டர், சுருங்கி முடிக்கும்போது 16. அதாவது சுருக்கம் 16 சதவீதம்தான். நலமான பூனைக்கு 35-க்குக் குறையக் கூடாது. இடது மேலறை பெருந்தமனியைப் போல 2.1 மடங்கு இருந்தது. 1.5-க்குள் இருந்திருக்க வேண்டும்.

மருத்துவர் கருவியைக் கீழே வைத்துவிட்டு, "என்ன சாப்பிடுகிறது?" என்று கேட்டார்.

சொன்னேன். மீன்? இல்லை. கோழி? இல்லை. கடையில் விற்கும் பூனை உணவு? இல்லை. வெளியே போய் எலி, பல்லி பிடிக்குமா? வலை அடித்திருக்கிறோம் டாக்டர்.

அவர் விளக்கை அணைக்கச் சொன்னார். கண் பார்க்கும் கருவியால் அல்லியின் விழிகளுக்குள் வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். பச்சையும் மஞ்சளுமாக மின்னும் விழித்திரையில், பார்வை நரம்பு தொடங்கும் இடத்தை ஒட்டி, வாழைப்பூவின் ஒற்றை மடல் படுத்திருப்பது போல நீண்ட ஒரு பட்டை, மற்ற இடத்தைவிட அதிகமாகப் பளபளத்தது. அந்த இடத்தில் விழித்திரை செத்து மெலிந்திருக்கிறது என்றார். இரண்டு கண்ணிலும் அப்படியே.

இதயத்தின் நோய்க்குக் காரணம் கண்ணில் எழுதியிருந்தது. அந்தக் காரணத்தின் பெயர் டாரின்.

டாரின்

1827-இல் ஜெர்மானிய அறிஞர்கள் டீடெமனும் கெமலினும் காளை மாட்டின் பித்தநீரிலிருந்து பிரித்தெடுத்த பொருள் இது. காளைக்கான லத்தீன் சொல்தான் பெயராயிற்று. மனிதன், நாய், மாடு எல்லாம் தங்களுக்கு வேண்டிய டாரினை உடம்பிலேயே பெருமளவு செய்துகொள்ளும். பூனையிடம் அதைச் செய்யும் நொதிகள் மிகக் குறைவு. அதுவும் போதாதென்று, பூனை பித்த உப்புக்களைச் செய்வதற்கு டாரினை மட்டுமே நம்பியிருக்கிறது, அதனால் குடல் வழியே நாள்தோறும் இழந்துகொண்டும் இருக்கிறது. வரவில்லாமல் செலவு மட்டும் நடக்கும் குடும்பம் அது. இறைச்சியிலும் மீனிலும் டாரின் நிறைய உண்டு, இதயத் தசையிலும் எலியிலும் இன்னும் அதிகம். அரிசியில் அறவே கிடையாது. பசும்பாலிலும் தயிரிலும் இருப்பது ஒரு பூனைக்குக் காணாது.

1975-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பாலின் புரதமான கேசினையே புரதமாக வைத்து வளர்த்த பூனைகளின் விழித்திரை அழிவதைக் கண்டு, அதற்கு டாரின் குறைவே காரணம் என்று நிறுவினார்கள். பால் புரதம் என்று படித்தபோது அம்மாவின் கிண்ணம்தான் என் கண் முன்னால் வந்தது. 1987-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால் பயான் (Paul Pion) என்ற இளம் கால்நடை மருத்துவரும் அவருடைய குழுவினரும், விரிந்து தளர்ந்த இதயத்தோடு வந்த பூனைகளின் ரத்தத்தில் டாரின் மிகக் குறைந்திருப்பதையும், அதைக் கொடுத்ததும் இதயம் மீண்டும் சுருங்கத் தொடங்குவதையும் கண்டு வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு பூனை உணவு நிறுவனங்கள் டாரினை அதிகமாகச் சேர்க்க ஆரம்பித்தன, இந்த வகை நோய் அங்கே அரிதாகிவிட்டது. எங்கள் வீட்டைப் போன்ற வீடுகளில் அது அரிதாவதற்குக் காரணம் எதுவும் நடக்கவில்லை.

ஒரு கேள்வி என்னை விடவில்லை. திருவையாற்றுப் பக்கம் எங்கள் பாட்டி வீட்டிலும் பூனை இருந்தது. அதற்கும் பழையதும் மோரும்தான். பதிமூன்று வருடம் திடமாக வாழ்ந்தது. பாட்டி போட்ட சோற்றால்தான் வாழ்ந்தது என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். அது ராத்திரியில் கொல்லைக்குப் போனதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. நெற்குதிருக்குப் பக்கத்தில் எலி, கிணற்றடியில் தவளை, ஓட்டில் பல்லி. அந்தப் பூனையின் இதயத்தைக் காப்பாற்றியது கொல்லைதான். அல்லிக்கு நாங்கள் பாட்டியின் சோற்றைக் கொடுத்துவிட்டு, கொல்லையை வலை போட்டு மூடிவிட்டோம்.

வீட்டில்

ரத்தத்தில் டாரின் அளவைப் பார்க்கும் வசதி எங்களுக்குக் கிடைக்கவில்லை. "கொடுத்துப் பார்ப்போம். இதயம் திரும்பினால் அதுதான் சோதனை முடிவு. முதல் சில வாரங்கள்தான் கண்டம், அதைத் தாண்டிவிட்டால் நிறைய பூனைகள் தேறிவிடுகின்றன" என்றார் மருத்துவர். டாரின் 250 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை. நீரைப் பிரிக்க ஃபுரோசமைடு 5 மில்லிகிராம், இரண்டு வேளை. இதயம் வலுவாகச் சுருங்கப் பிமோபென்டன் அரை மாத்திரை, உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னால். விரிந்த மேலறையில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்கக் குளோபிடோக்ரல் 75 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு, ஒரு வேளை. இவை அல்லியின் எடையையும் ரத்தப் பரிசோதனையையும் பார்த்துக் குறித்த அளவுகள், வேறு பூனைக்குப் பொருந்தாது. குறிப்பாக ஃபுரோசமைடு சிறுநீரகத்தையும் பொட்டாசியத்தையும் பதம் பார்க்கும். ஒரு வாரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் தொடர்ந்தார்கள்.

ஃபுரோசமைடு 40 மில்லிகிராம் மாத்திரையாகத்தான் கிடைத்தது. அதை எட்டாக வெட்ட வேண்டும். எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து, புது பிளேடு வைத்து முதலில் பாதி, பிறகு கால், பிறகு அரைக்கால். கடைசி வெட்டில் பாதி துண்டுகள் பொடியாகிவிடும். இரண்டாம் நாளே மருந்துக்கடையில் மாத்திரை வெட்டும் சிறு பெட்டி வாங்கிக்கொண்டேன். குளோபிடோக்ரல்தான் பெரும்பாடு. அதன் கசப்பு நாக்கில் பட்டதும் அல்லியின் வாயிலிருந்து சோப்பு நுரை போல எச்சில் கொட்டியது, கட்டிலுக்கடியில் ஓடிவிட்டது. மூச்சு 52. மருந்து கொடுக்கிற பதற்றமே இதயத்துக்குச் சுமையாகிவிடும் என்று அன்று புரிந்தது. மறுநாள் முதல் வெற்றுக் குளிகைக்குள் அந்தத் துண்டைப் போட்டு, மேலே வெண்ணெய் தடவி, மடியில் துவாலை சுற்றி உட்கார வைத்து, நாக்கின் பின்பகுதியில் வைத்துவிட்டுத் தொண்டையைத் தடவிக்கொடுத்தேன். பின்னால் சிரிஞ்சில் இரண்டு மில்லி தண்ணீர். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாகிவிடாமல் இருக்க அது அவசியம்.

டாரின் பொடிக்குக் கசப்பில்லை, தண்ணீரில் கரைந்துவிடும். இந்த நிலையில் பூனை பட்டினி கிடக்கக் கூடாது, அதனால் பழகிய உணவை உடனே நிறுத்த வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆகவே முதல் வாரம் டாரின் போனது தயிர்சாதத்தில்தான். அம்மா பெயரைக் கேட்டுவிட்டு, "காளை மாட்டிலிருந்து எடுப்பதா?" என்றார். அந்தக் காலத்தில் அப்படி, இப்போது தொழிற்சாலையில் ரசாயனமாகவே செய்கிறார்கள் என்றேன். சற்று யோசித்தார். பிறகு தானே குளிகையைத் திறந்து பாதிப் பொடியைச் சாதத்தில் கொட்டிப் பிசைந்தார். நான்கு வருடம் எந்த விரலில் வெறும் சோறு போனதோ அதே விரலில் மருந்து போனது.

உணவு மாற்றம் பற்றி நான் பேசத் தயங்கினேன். அம்மாவே ஒரு நாள் மாலை பேச்சை எடுத்தார். "புலி பசித்தாலும் புல் தின்னாது என்பார்கள். இது பாவம், நான் கொடுத்தேன் என்று புல்லைத் தின்றிருக்கிறது. அதற்கு என்ன வேண்டுமோ வாங்கிப் போடு. சமையலறைக்குள் மட்டும் வேண்டாம்." பால்கனியில் தனித் தட்டு வைத்தோம். பை மேல் டாரின் அளவு போட்டிருக்கிற உலர் பூனை உணவு. முதலில் தயிர்சாதத்தின் மேல் நான்கு மணிகள், அப்புறம் பத்து, மூன்று வாரத்தில் தயிர் வெறும் தொட்டுக்கொள்ளும் அளவுக்கு வந்தது. (தெருப் பூனைகளுக்கு நாய் உணவைப் போடும் நல்ல மனிதர்களை நான் அறிவேன். நாய்க்கு டாரின் உணவில் தேவையில்லை என்பதால் அதில் போதுமான அளவு இருக்கும் என்று நம்ப முடியாது. பூனைக்குப் பூனை உணவே போட வேண்டும். வீட்டில் கோழியோ மீனோ வேகவைப்பவர்கள் வெந்த தண்ணீரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், டாரின் அந்தத் தண்ணீரில் இறங்கிவிடும்.)

பழைய பள்ளி நோட்டு ஒன்றில் தூக்க மூச்சைக் குறித்துவந்தேன். காலை, மதியம், இரவு. 36, 34, 38, 32. இரவில் பின்னங்கால் பாதங்களைத் தொட்டுச் சூடு பார்ப்பேன். இதயத்தில் உறைந்த ரத்தக் கட்டி போய் அடைத்தால் பின்னங்கால்கள் திடீரென்று இழுத்துக்கொள்ளும், சில்லிட்டுப் போகும், பூனை வலியில் கதறும் என்று சொல்லியிருந்தார்கள். அந்தப் பயத்தோடு எத்தனையோ இரவு எழுந்து தொட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பாகவே இருந்தது.

பத்தொன்பதாம் நாள் நள்ளிரவில் 44. மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்தேன். வாய் மூடியிருக்கிறதா, ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறதா என்று கேட்டார். இரண்டும் சரி. ஃபுரோசமைடு ஒரு துண்டு கூடுதலாகக் கொடுத்துவிட்டு, இரண்டு மணி நேரத்தில் இறங்காவிட்டால் கிளம்பி வரச் சொன்னார். அம்மாவும் நானும் விளக்கைப் போடாமல் தரையில் உட்கார்ந்திருந்தோம். அல்லி இரண்டு முறை மணல் தட்டுக்குப் போய் வந்தது. இரண்டேகால் மணிக்கு 31. அம்மா என் நோட்டை வாங்கித் தன் கையாலேயே அந்த எண்ணை எழுதினார்.

ஆறாம் வாரமும் நான்காம் மாதமும்

ஆறாம் வாரம் எக்கோவில் சுருக்கம் 25 சதவீதம். நெஞ்சில் நீர் இல்லை. ஃபுரோசமைடைப் பாதியாக்கி, இரண்டு வாரம் கழித்து நிறுத்தினார்கள். நோட்டில் இருபதுகள் வர ஆரம்பித்தன. நான்காம் மாதம் சுருக்கம் 38 சதவீதம், மேலறை 1.4 மடங்கு. எடை 3.9 கிலோ. பிமோபென்டனும் குளோபிடோக்ரலும் நின்றன. மருத்துவர் முதல் எக்கோ படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இரண்டும் ஒரே பூனையின் இதயம் என்று சொன்னால்தான் தெரியும். பெரும்பாலான பூனைகளின் இதய நோய் இப்படித் திரும்புவதில்லை. தடித்த தசை மெலியாது, மருந்து ஆயுள் முழுவதும் தொடரும். எங்களுக்கு வாய்த்தது திரும்பக்கூடிய ஒன்று. அதைக் கண்டுபிடித்தது ஒரு கருவி அல்ல, "என்ன சாப்பிடுகிறது?" என்ற கேள்வி.

கண் திரும்பவில்லை. விழித்திரையில் செத்துப்போனது செத்ததுதான், இனிமேல் பரவாமல் நிற்கும், அவ்வளவே என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குள் நடமாட அல்லிக்குச் சிரமமில்லை. தாவும்போது மட்டும் தூரம் தவறுகிறது.

ஜன்னல் திட்டுக்கு முன்னால் ஒரு முக்காலி போட்டிருக்கிறோம். தினமும் மாலையில் அல்லி அதன் அடியில் வந்து நின்று அண்ணாந்து பார்க்கும். அம்மா முக்காலியின் மேல் பலகையை நகத்தால் இரண்டு தட்டுத் தட்டுவார். அல்லி காதை அந்தப் பக்கம் திருப்பும், பின்னங்கால்களை ஒரு முறை அசைத்துக்கொள்ளும், ஏறிவிடும். பிறகு அவர் திட்டின் விளிம்பைத் தட்டுவார்.